கழிவு அல்ல, கழுவு

நீங்கள்தான் சாட்சி. வேறு யாரையும் அழைக்க எனக்குத் துணிவில்லை. ஆகவே, இதைப் படிக்கத் தொடங்கிவிட்ட உங்களையே கூண்டருகே நிறுத்துகிறேன். பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

ஓர் எழுத்தை மாற்றினேன். ஒரு கிணறு உப்பாயிற்று.

குற்றம் அவ்வளவுதான்... அவ்வளவுதானா? அதுதான் எனக்கே விளங்கவில்லை. கிணற்றை உப்பாக்கியது என் குற்றமா? அந்தக் கிணற்றுக்கு உரியவரைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைத்தது என் குற்றமா? இரண்டும் ஒன்றா, வெவ்வேறா? ஆண்டுக்கணக்காக இரண்டு அணியிலும் நானே எழுந்து பேசுகிறேன். நடுவர் நாற்காலி மட்டும் காலியாகவே கிடக்கிறது.

என்னைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஆரணிதான் என் ஊர். என் தாய் அரிசி ஆலைக் களத்தில் நெல் காய வைத்தவர். எங்கள் வீட்டில் மழை ‘மய’யாகத்தான் பெய்யும்; வாழைப்பழம் ‘வாயப்பயம்’ ஆகத்தான் பழுக்கும். கல்லூரித் தமிழ் மன்றத்தில் சேர்ந்த முதல் மாதத்திலேயே அந்த யகரத்தை என் நாவிலிருந்து பிடுங்கி எறிந்தேன். கண்ணாடி முன் நின்று, நா நுனியை மேலண்ணத்தை நோக்கி வளைத்து, தாடை வலிக்க வலிக்கப் பயின்றேன். மூன்றாம் ஆண்டில் நான் ‘தமிழ்’ என்று உச்சரித்தாலே கை தட்டினார்கள். ஆம்... அந்த ஒரு சொல்லுக்கே!

எந்த அணியில் நிறுத்தினாலும் வெல்வேன். காலையில் ஒரு கல்லூரியில் ‘பணமே’ என்று முழங்கிவிட்டு, மாலையில் இன்னொரு கல்லூரியில் ‘குணமே’ என்று முழங்கிய நாள் உண்டு. இரண்டு கோப்பைகளையும் ஒரே பேருந்தில், ஒரே மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். அதைத் திறமை என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

வேலையும் மேடையிலிருந்துதான் வந்தது. ஒரு போட்டிக்குப் பரிசளிக்க வந்தவர், தண்ணீரைப் பதப்படுத்தும் பொறிகள் செய்யும் சென்னை நிறுவனமொன்றின் மேலாளர். கோப்பையைக் கையில் கொடுத்தபடியே, “இந்த வாய எங்க கம்பெனிக்குக் குடுக்கறியாப்பா?” என்று கேட்டார். கொடுத்தேன். வேலூரிலிருந்து ஆரணி வழியாகச் சேத்துப்பட்டு வரை என் வட்டாரம். விற்பனைப் பிரதிநிதி என்று அச்சடித்த அட்டை, ஒரு மொபெட், தோளில் ஒரு பை. தொண்ணூறுகளின் கடைசி அது.

ஆரணியில் பட்டுக்குச் சாயம் ஏற்றுகிறவர்களுக்குத் தண்ணீரே பகை. ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்பு மிகுதி. சோப்புப் போட்டு நூலை அவித்தால் நுரை எழாது. பிசுக்காகத் திரண்டு நூலில் ஒட்டும். பிறகு சாயம் ஓரிடத்தில் ஏறும், ஓரிடத்தில் திட்டாக நின்றுவிடும். அரக்கு கேட்டவருக்குச் செங்கல் நிறத்தில் புடவை போய்ச் சேரும்.

எங்கள் பொறி அந்தச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். ‘சாஃப்ட்னர்’ என்றே எல்லோரும் சொன்னார்கள். ஆளுயரத் தொட்டி, உள்ளே பொன்னிறத்தில் கடுகளவு மணிகள். பிடித்துப் பிடித்து மணிகள் களைத்துப்போனால், கல்லுப்பைக் கரைத்து ஊற்றி அவற்றைக் கழுவ வேண்டும். அப்போது, பிடித்து வைத்த சுண்ணாம்பும் ஊற்றிய உப்பும் சேர்ந்து ஒரு நீர் வெளியே வரும்.

அந்த நீரைப் பற்றியதுதான் இந்த வாக்குமூலம்.

நிறுவனத்தின் ஆங்கிலக் கையேட்டில் அதற்கென்று ஒரு பத்தி இருந்தது. மண்ணில் விடக் கூடாது. கிணற்றுக்கு அருகே விடவே கூடாது. சிமெண்டு பூசிய தொட்டி கட்டி, அதில் தேக்கி, வெயிலில் வற்றவிட வேண்டும். தமிழில் துண்டறிக்கை எழுதும் பணி என்னிடம் வந்தபோது, அந்தப் பத்தியருகே பேனாவை நிறுத்தினேன். பொதுத் தொலைபேசியிலிருந்து மேலாளரை அழைத்தேன்.

“தொட்டின்னு ஆரம்பிச்சன்னா பார்ட்டி ஓடிப்பூடுவான் தம்பி. பட்டறையில நூல் காயப் போடவே எடம் இல்ல. தொட்டிய எங்க, தலை மேலயா கட்டுவான்? அத வுடு. நல்ல தமிழ்ல எதுனா போடு.”

நல்ல தமிழில் போட்டேன். ‘கழுவு நீர் தானே வெளியேறிவிடும்.’ ஒரு பத்தி மறைந்தது, ஒரு வரி பிறந்தது. அகராதியைக் கொண்டு வாருங்கள்... பிழை காட்ட முடியாது! கழுவுவதால் வரும் நீர், கழுவு நீர். எவ்வளவு சரியான சொல்! நான் உண்மையில் பெருமைப்பட்டேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆரணியிலிருந்து முள்ளிப்பட்டுக்குப் போகும் வழியில் வரதராஜன் என்பவருக்குச் சாயப்பட்டறை இருந்தது. முதல் பொறியை வாங்க அவர் முன்வந்தார். தனியாக இறங்கத் தயங்கி, மற்றப் பட்டறைக்காரர்களும் வந்து பார்க்கட்டும் என்று முற்றத்தில் பந்தல் போட்டார். பட்டறைக்காரர்கள், தறிக்காரர்கள், அக்கம்பக்கத்தார் என்று ஐம்பது பேராவது இருந்தார்கள். காராபூந்தியும் தேநீரும் சுற்றி வந்தன. எனக்கு ஒலிவாங்கி வைத்திருந்தார்கள்.

ஒலிவாங்கியைக் கண்டதும் நான் விற்பனைப் பிரதிநிதி என்பதை மறந்தேன்.

இரண்டு புட்டிகளில் தண்ணீரும் சோப்புத் துகளும் போட்டுக் குலுக்கினேன். ஒன்றில் பிசுக்கு, மற்றதில் புட்டி வாய் வரை நுரை. “இதோ பொங்குகிறது, உங்கள் பட்டின் எதிர்காலம்!” என்றேன். கைதட்டல். “பால் மாதிரி கீதுப்பா” என்றார் ஒருவர். “பால்ல ஏதுடா இவ்ளோ நொர, நம்ம பால்காரன் ஊத்தறதுல?” என்றார் இன்னொருவர். பந்தல் என் கைக்குள் இருந்தது. அந்த நிலையை மேடை ஏறியவர்கள் அறிவார்கள்... கூட்டம் ஒரு குதிரை போல நம் முழங்காலுக்குக் கீழே மூச்சுவிடும்.

அப்போது பந்தலின் கடைசியிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

எல்லம்மாள். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் கீரைக் கூடை. பட்டறைச் சுவருக்கு அந்தப்பக்கம் அவருடைய முப்பது சென்ட் கொல்லை. முழுவதும் கீரைப் பாத்தி. நடுவில் ஒரு கிணறு. பாத்திக்கும் அந்த நீர்தான், அந்தத் தெருவின் சமையலுக்கும் குடிப்பதற்கும் அந்த நீர்தான். ஆழ்துளைக் கிணறுகளெல்லாம் சுண்ணாம்பாகக் கொட்டும் இடத்தில், மேலூற்றில் அந்த ஒன்று மட்டும் இனித்தது.

“சார், ஒண்ணு கேக்கட்டா? வாரத்துக்கு ரெண்டு மூட்ட உப்பு உள்ள போடணும்ன்றீங்க. வர்ற தண்ணி கரிக்காதுன்றீங்க. அப்ப அந்த உப்பு எங்க போவுது? அந்தக் கய்வு தண்ணி எங்க போவும்?”

கையேட்டின் அந்தப் பத்தி முழுவதும் இரண்டு மூச்சில்! படிக்காமலே! எழுத்தறியாத அந்தப் பெண், நான் மறைத்த இடத்தில் விரலை வைத்துவிட்டார்.

வரதராஜன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பட்டறைக்காரர்கள் தேநீர்க் குவளையைப் பாதியில் நிறுத்திப் பார்த்தார்கள். விடை எனக்குத் தெரியும். தொண்டை வரை வந்தது... வந்ததா? வந்ததாக இப்போது நினைத்துக்கொள்கிறேனா? சத்தியமாகத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். அதற்கு முன்பே வேறொன்று நாவில் வந்து அமர்ந்துவிட்டது. சிலேடை!

“அம்மா, கழிவா, கழுவா? முதலில் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள்! அழுக்கைச் சுமந்து போவது கழிவு. அழுக்கைப் போக்க வருவது கழுவு! எங்கள் பொறியிலிருந்து வருவது கழிவு அல்ல, கழுவு! எழுத்துத் தவறினால், தாயே, தண்ணீரும் தடம் மாறிவிடும்!”

எங்கள் பக்கத்துப் பேச்சில் அந்த இரண்டு சொல்லும் ஒரே சொல். கழிவும் ‘கய்வு’தான், கழுவும் ‘கய்வு’தான். அதை நான் அறிவேன். என் தாய் வாயிலும் அது அப்படித்தான். எல்லம்மாள் எந்தச் சொல்லைச் சொன்னார் என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. இருந்ததாக நடித்தேன்.

“அப்டி போடு!” என்று ஒரு குரல். பந்தல் வெடித்துச் சிரித்தது. “எல்லம்மா, கய்வா, கழுவா? ஜல்தி சொல்லு, சார் வெய்ட் பண்றாரு பாரு!” என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கூவினார். “அதுக்கு கீரையா, கீரியான்னே சொல்ல வராதுப்பா” என்றார் அடுத்தவர். மறுபடியும் சிரிப்பு.

எல்லம்மாளும் சிரித்தார். கூட்டம் சிரிக்கும்போது சிரிக்காமல் நிற்பது கடினம் அல்லவா? “எனுக்கு இன்னா தெரியும், படிச்சவங்க சொன்னா சரி” என்று கூடையை மேலே ஏற்றிக்கொண்டு நடந்தார்.

போகும்போது அவருடைய உதடுகள் அசைந்தன. மேடையிலிருந்து பார்த்தேன். கய்வு... கய்வு... அந்த எழுத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

அன்று வரதராஜனோடு இன்னும் மூன்று பட்டறைக்காரர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நான் மொபெட்டில் திரும்பும்போது பாடிக்கொண்டே வந்தேன்.

இப்போது நீங்கள் கேட்கலாம்: விற்பதற்காகவா அப்படிச் சொன்னாய்? ஆம் என்றால் எளிது. பேராசைக்காரன் என்று எழுதி மூடிவிடலாம். ஆனால் அந்த நொடியில் எனக்கு விற்பனையின் நினைவே இல்லை! ஒரு நல்ல சொல் கிடைத்தது, கூட்டம் காத்திருந்தது, வீசினேன். இலாபத்துக்காகப் பொய் சொன்னவனைவிட, ஓசைக்காக உண்மையை விழுங்கியவன் மேலா, கீழா? இதை ஒரு பட்டிமன்றத் தலைப்பாக வைத்தால் நானே இரண்டு பக்கமும் பேசி... பாருங்கள், மறுபடியும்!

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. ஒரு கோடையில் மேலாளர் அழைத்தார்.

“முள்ளிப்பட்டு ரோட்ல தண்ணி உப்பாயிடிச்சாம்பா. குடிதண்ணி மிஷின் நல்லா போவும். போய்ப் பாரு.”

உடனே எனக்கு உறைத்தது என்று எழுத ஆசைப்படுகிறேன். உறைக்கவில்லை. நல்ல வாய்ப்பு என்று, பேனா போன்ற உப்பளக்கும் கருவியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பினேன். தெருவுக்குள் நுழைந்தபோது பெண்கள் நெகிழிக் குடங்களோடு பேருந்து நிறுத்தக் குழாயிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். அப்போதும் உறைக்கவில்லை. வரதராஜனின் பட்டறைச் சுவரையொட்டிய கொல்லையின் படலைத் தட்டினேன்.

“இன்னா யகரம் சாரு, இவ்ளோ தூரம்?”

கூப்பிட்டவர் எல்லம்மாள். ழகரம் என்று எனக்குப் பெயரே வைத்திருந்தார். அதையும் தம் வாயால், யகரமாக.

அப்போதுதான் பாத்திகளைப் பார்த்தேன். பாதி வெறுமையாக, மண்மேல் வெள்ளை பூத்துக் கிடந்தது. மீதிப் பாதியில் சிறுகீரை முளைத்திருந்தது. ஒவ்வோர் இலையின் ஓரமும் பீடி நெருப்பால் சுட்டதுபோலக் கருகியிருந்தது.

அவர் கிணற்றிலிருந்து இறைத்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். நான் பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்து கருவியை எடுத்தேன்.

“பேனாவால தண்ணிக்கு மார்க்கு போடுவியா? நாக்குல வெய்யி. அதுதான் ஒனுக்கு நல்லா வேல செய்யுமே.”

குடித்தேன். கரித்தது. ஒரு மடக்குக்கு மேல் இறங்கவில்லை.

“பருப்பு வேவ மாட்டேன்து. கீரைய கட்டு பத்து பைசான்னாலும் எவளும் வாங்க மாட்டேன்றா, ஓரம் கருகிகீதுன்னு. தெரு முச்சூடும் என் கெணத்துலதான் மொண்டுகினு இருந்தாங்க. இப்ப எட்டிப் பாக்கக் கூட எவளும் வர்றதில்ல.”

நான் ஏதோ சொன்னேன். மழை குறைந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம், சாயத் தண்ணீரும் ஊறியிருக்கலாம், நிலத்தடி நீரோட்டம் சிக்கலானது... வாய் தானாகவே வாதாடியது.

“இருக்கும். நான் இல்லன்னு சொல்லல. மய இல்லன்றாங்க, சாயம்ன்றாங்க, உன் மிஷின்ன்றாங்க. எது இன்னான்னு எனுக்குத் தெரியாது. ஆனா நான் கேட்டன் இல்ல? அன்னிக்கே கேட்டன் இல்ல?”

தலையசைத்தேன்.

“ஊர்க் கூட்டத்துல போய் எய்ந்து நின்னன். எங் கெணறு கெட்டுப்பூடுச்சி, பட்டறையில வுடற கய்வு தண்ணிய நிறுத்தச் சொல்லுங்கன்னன். வாயக் கூட மூடல, பின்னாலருந்து ஒருத்தன், ‘கய்வா, கழுவா’ன்றான். அத்தினி பேரும் சிரிக்கறாங்க. ரெண்டாவது கூட்டத்துல போனன். அப்பவும் அதேதான். மூணாவதுக்குப் போவல.”

அவர் குரலை உயர்த்தவில்லை. கருகிய இலை ஒன்றைக் கிள்ளி எறிந்தபடி சொன்னார்:

“எங்க வாய்க்கு ரெண்டும் ஒண்ணுதான். கெணத்துக்கும் ரெண்டும் ஒண்ணுதான் போலகீது.”



நேரே வரதராஜனிடம் போனேன். தொட்டி கட்ட வேண்டும், அந்த நீரை மண்ணில் விடக் கூடாது என்றேன். அவர் கெட்டவர் அல்லர். உண்மையாகவே திகைத்தார். என்னைச் சுவரருகே அழைத்துச் சென்றார். சாயக்கறை படிந்து, மூலைகளில் ஆணி அடித்து, என் துண்டறிக்கை தொங்கிக்கொண்டிருந்தது.

“இத எய்தனது யாரு தம்பி? கழுவு நீரு, தானே வெளியேறிடும்... நீதான போட்ட? கேக்கறவங்களுக்கெல்லாம் இதத்தான் காட்டிகினு கீறேன். இப்ப வந்து தொட்டி கட்டுன்றியே, எங்க கட்டுவேன்? நாலு பட்டறையும் கட்டுமா, நான் மட்டும் கட்டணுமா?”

என் எழுத்து எனக்கெதிராகச் சாட்சி சொன்னது. அழகான வரி, இப்போதும்!

அந்த மாதமே வேலையை விட்டேன். அதற்காக என்னை மதித்துவிடாதீர்கள். வேலையை விடுவதால் எந்தக் கிணறும் இனிப்பதில்லை. பொறிகள் ஓடுகின்றன. ஒரு பட்டறைக்காரர் மட்டும் பின்னாளில் சிறு தொட்டி கட்டியதாகக் கேள்விப்பட்டேன். மழையில் அது நிரம்பி வழிகிறது என்றும் கேள்விப்பட்டேன். எல்லம்மாள் கீரையை விட்டுவிட்டு, களையெடுக்கும் கூலிக்குப் போகிறார்.

நான்? இப்போது வேலூரில் ஒரு தனிப்பயிற்சி நிலையத்தில் தமிழ் கற்பிக்கிறேன். மேடைக்கும் போகிறேன்... ஆம், இன்னமும்! யாரேனும் கேள்வி கேட்கக் கை தூக்கினால் மட்டும் என் நா உலர்ந்துவிடுகிறது. அவையினர் அதைப் பணிவு என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

பொங்கலுக்கு ஊர் வரும்போதெல்லாம் முள்ளிப்பட்டுச் சாலையில் அந்தத் திருப்பம் வரை நடக்கிறேன். பட்டறை மதில் தெரிகிறது. திரும்பிவிடுகிறேன். ஏன்? அவமானத்துக்கு அஞ்சியா? நான் பேசத் தொடங்கினால் அதையும் அழகாகப் பேசிவிடுவேனோ, அதற்கும் கைதட்டல் விழுந்துவிடுமோ என்று அஞ்சியா? குற்றத்தை ஒப்புக்கொண்டு கோப்பை வாங்கிவிடுவேனோ?... எதுவும் தெளியவில்லை.

இதை எழுதினால் பாரம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. நீங்கள் அன்று அந்தப் பந்தலில் இல்லை, நீங்கள் சிரிக்கவில்லை. உங்களிடம் சொல்வது எல்லம்மாளிடம் செல்லாது. அவர் என்னிடம் கேட்டது வேறு. அதை நான் இன்னும் செய்யவில்லை.

கொல்லையிலிருந்து நான் கிளம்பியபோது படலைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்: “எனுக்கு மிஷினும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் கேட்டது சரின்னு, அன்னிக்கு சிரிச்சாங்களே, அவங்க எதிர்ல சொல்லுவியா?”

“அம்மையே, அவையறிய என் பிழையை நானே எடுத்தியம்பி...” என்று தொடங்கினேன். பழகிய நா!

அவர் கை நீட்டித் தடுத்தார். “அது வேணாம். ஒங்க ஊட்ல பேசற மாரி பேசு.”

சுவருக்கு அப்பால் பட்டறைக் குழாயிலிருந்து ஏதோ ஒன்று மண்ணில் விழும் ஓசை கேட்டது. பிறகு, கண்ணாடி முன் நின்று பிடுங்கி எறிந்த அந்த நாக்கைத் தேடி எடுத்து, அவர் காதில் விழும்படி உரக்கச் சொன்னேன்:

“அது கய்வு தண்ணிதாம்மா. நீ கேட்டது சரி. அதே எடத்துல பந்தல் போட்டு, சிரிச்சவங்க அத்தினி பேரையும் கூப்ட்டு, நானே வந்து சொல்றேன்.”